ஓய்வு நேரத்தில் நாலு காசு: நீங்கள் கேட்டீர்கள், அக்கா சொல்கிறேன்

போன இதழில் "கைச்செலவுக்குக் கூடுதல் வருமானம் தேடுகிறீர்களா, சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான்: "அக்கா, வீட்டில் இருந்தபடியே மாதம் 5,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வருமா?" வராது. வந்தால் நான் ஏன் இங்கே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்? மாதம் 200, 300, கையைக் கடிக்காமல் வருகிற காசைப் பற்றி மட்டும் பேசலாம்.

செந்தூல் வாசகி: போன தீபாவளிக்கு 60 போத்தல் முறுக்கு சுட்டு விற்றேன். ஒன்று மிச்சமில்லாமல் போய்விட்டது. ஆனால் கையில் காசு நின்ற மாதிரியே தெரியவில்லை. எங்கேதான் போச்சு?

எண்ணெயில் பாதி, போத்தலில் மீதி, தங்கச்சி. நானும் பட்டவள்தான். முதல் வருஷம் மாவு, உளுந்து, வெண்ணெய் மூன்றை மட்டும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பெரிய லாபம் என்று குதித்தேன். போத்தல், மூடியில் ஒட்டிய ஸ்டிக்கர், மூடியைச் சுற்றிய டேப், கோம்பாக்கில் இருக்கிற ஒரு சித்திக்காக 2 போத்தலைத் தூக்கிக்கொண்டு போன கிராப் வண்டிக் காசு, இதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. ராத்திரி 11 மணிக்கு எண்ணெய்ப் புகை நாறும் தலையோடு மறுபடி கூட்டிப் பார்த்தால் போத்தலுக்கு 1 வெள்ளி 20 காசு நின்றது. மொத்தம் 25 போத்தல். 30 வெள்ளிக்கு மூன்று ராத்திரித் தூக்கம்.

இப்போது நான் செய்வது இதுதான். சீசனுக்கு ஒரு மாதம் முன்பே ஒரே ஒரு ஈடு சுட்டுப் பார்த்துவிடுவேன். 1 கிலோ மாவுக்கு எத்தனை போத்தல் நிறைகிறது என்று எண்ணுவேன், உடைந்ததைச் சேர்க்க மாட்டேன், அது வீட்டுக்கு. எண்ணெயைச் சட்டியில் ஊற்றும் முன் ஒரு எடை, சுட்டு முடித்து ஆறிய பிறகு ஒரு எடை. குறைந்தது எவ்வளவோ அத்தனையும் முறுக்கு குடித்தது, அதை விலையில் போட்டே ஆக வேண்டும். கேஸும் அப்படித்தான், வீட்டுக்கு வரும் 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 காசு, கொண்டு வந்து போடுகிற கூலி வேறு, அடுப்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று குறித்தால் பங்கு தெரிந்துவிடும். கடைசியாக உங்கள் கை. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது, மணிக்கணக்கில் பிரித்தால் 8 வெள்ளிக்கு மேல் வரும். அடுப்படியில் நிற்கும் நேரத்துக்கு அதைவிடக் குறைவாகப் போட்டுக்கொண்டால் அது வியாபாரம் இல்லை, நேர்த்திக்கடன்.

விலையை ஏற்றப் பயமாக இருந்தால் போத்தலைச் சின்னதாக்குங்கள். விலை ஏறினால் முணுமுணுக்கும் ஆட்கள் போத்தல் சின்னதானால் "அழகா இருக்கே" என்பார்கள், ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆர்டரைப் பத்து நாள் முன்பே மூடிவிடுங்கள், பாதிப் பணம் முன்கூட்டி வாங்குங்கள், வீடு வீடாகப் போய்க் கொடுக்காமல் ஞாயிறு காலை கோயில் வாசல் என்று ஒரே இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பேப்பர் வேலை. தொடர்ந்து விற்பதாக இருந்தால் தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும், தொடங்கி 30 நாளுக்குள். ஐசியில், அதாவது அடையாளக் கார்டில் உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, "மகாலெட்சுமி முறுக்கு" மாதிரி ஒரு கடைப்பெயர் வைத்தால் 60. உணவைக் கையாள்பவர்களுக்கான பயிற்சியும் தைஃபாய்டு ஊசியும் இருக்கின்றன, இரண்டையும் முடித்து வையுங்கள். பயிற்சி ஒரே நாளில் முடிகிற விஷயம்தான்.

அதே வாசகி: சுட்டு மிஞ்சிய எண்ணெயை வாங்குகிறார்களாமே?

வாங்குகிறார்கள், கிலோ கணக்கில், பயோடீசல் செய்ய. வடிகட்டி, தண்ணீர் கலக்காமல், பழைய எண்ணெய் டின்னிலேயே சேர்த்து வையுங்கள். பணக்காரி ஆக மாட்டீர்கள், ஆனால் சிங்க் குழாய் அடைத்து பிளம்பருக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

பட்டர்வர்த் வாசகர்: பிறையில் ஃபாக்டரி வேலை. ஷிப்ட் முடிந்து மோட்டார்சைக்கிளில் சாப்பாடு டெலிவரி ஓடலாமா? ஒரு ராத்திரிக்கு 80 வெள்ளி கிடைக்கும் என்கிறான் நண்பன்.

80 வெள்ளி கைக்கு வந்தது, தம்பி. கையில் நின்றது எவ்வளவு என்று அவனிடம் கேட்டீர்களா? கேட்டால் தலையைச் சொறிவான். கிளம்பும்போது மீட்டரைப் போட்டோ எடுங்கள், வீடு திரும்பியதும் இன்னொன்று. இரண்டு வாரம் இப்படிச் செய்தால் ஒரு ராத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். அதிலிருந்து பெட்ரோல், என்ஜின் எண்ணெய், செயின், டயர் எல்லாம் கழியும். டயர்தான் பலருக்கு மறந்துபோகிறது, அது தேய்வது கண்ணுக்குத் தெரியாதே. பினாங்குப் பாலத்தில் மோட்டார்சைக்கிளுக்கு 2019 ஜனவரியிலிருந்து டோல் இல்லைதான், அதற்காகத் தீவுக்குப் போய் ஓட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள், 13.5 கிலோமீட்டர் பாலத்தில் வெறும் பெட்டியோடு திரும்பி வருவதற்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

இன்னும் இரண்டு. ஃபாக்டரி கொடுத்த நியமனக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள், வெளிவேலை கூடாது என்று ஒரு வரி சில இடங்களில் இருக்கும். மோட்டார்சைக்கிள் இன்சூரன்ஸ்காரரிடம் "காசுக்கு டெலிவரி ஓடினால் செல்லுமா" என்று நேராகக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் தனிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, 2017 சட்டத்தின்படி வந்தது, அதில் சேராமல் ஓட வேண்டாம். 12 மணி நேர நைட் ஷிப்ட் முடிந்த அன்று மட்டும் வீட்டில் படுத்துத் தூங்குங்கள், தயவுசெய்து.

கெப்போங் வாசகர்: டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடும் வேலை. முதல் நாள் 15 வெள்ளி நிஜமாகவே அக்கவுண்டுக்கு வந்தது. இப்போது 300 வெள்ளி கட்டினால் பெரிய டாஸ்க் தருவார்களாம்.

கட்டாதீர்கள். அந்த 15 வெள்ளி தூண்டில் புழு. 300 கட்டினால் 1,000 கேட்பார்கள், உள்ளே மாட்டிய காசை எடுக்கவே இன்னும் காசு கேட்பார்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே வங்கிக்கும் மோசடிப் புகாருக்கான 997-க்கும் போன் போடுங்கள், பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் பேச வேண்டும். பணம் போடச் சொல்லும் அக்கவுண்ட் நம்பரை மோசடி அக்கவுண்டுகளைக் காட்டும் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கலாம், ஆனால் அங்கே பெயர் இல்லை என்பதால் நல்லவன் என்று அர்த்தமில்லை. "உன் ஏடிஎம் கார்டை மாதம் 500-க்கு வாடகைக்குக் கொடு" என்று கேட்பவன் பால்ய நண்பனாகவே இருந்தாலும் வேண்டாம். கதவைத் தட்டுகிற போலீஸ் கார்டில் பெயர் இருப்பவரைத்தான் தேடி வரும்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர். டியூஷன் எடுக்க ஆசை. ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆரும் இல்லை, பிள்ளைகள் வருவார்களா? இன்னொன்று, காசு வாங்க மனம் கூசுகிறது.

ஐயா, யூபிஎஸ்ஆர் 2021-இல் போனது போனதுதான், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் தமிழும் தமிழ் இலக்கியமும் இருக்கின்றன, அந்தப் பிள்ளைகளுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அதைவிட இன்னொரு கூட்டம் உண்டு. தேசியப் பள்ளிக்கும் சீனப் பள்ளிக்கும் போய், வீட்டில் தமிழ் பேசி, கல்யாணப் பத்திரிகையில் தன் தாத்தா பெயரை எழுத்துக்கூட்டத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகள். பெற்றோருக்கு அது உள்ளூர உறுத்திக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம், நாலைந்து பேர், உங்கள் வீட்டு வரவேற்பறை போதும். ஒரு எச்சரிக்கை, 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்த்து வழக்கமாகச் சொல்லிக் கொடுத்தால் 1996 கல்விச் சட்டப்படி அது பள்ளிக்கூடம், பதிவு செய்ய வேண்டும். ஒன்பதோடு நிறுத்துங்கள்.

காசு கூசுகிறதா? சேரும்போதே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள், "மாதம் இவ்வளவு, முதல் வாரத்தில்" என்று. உங்கள் வாய் கேட்க வேண்டாம், தாள் கேட்கும். கட்ட முடியாத ஒரு பிள்ளைக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள், அது யார் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டுமா?

4 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் நாலு பேர் ஆகிவிட்டால் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும், 1984 சட்டம். மூன்று வரை பரவாயில்லை. சம்பளத்தைவிட முதலில் பேச வேண்டியது, மாலை தாமதமானால் மணிக்கு எவ்வளவு என்பது. "ரோட்டில் ஜாம் அக்கா" என்று தினமும் 8 மணிக்கு வருவார்கள்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்: சம்பளத்துக்கு வரி கட்டுகிறேன். ராத்திரியில் லோகோ வரைந்து வரும் காசையும் காட்டணுமா?

காட்டணும். தொழில் வருமானம் வந்துவிட்டால் சம்பளக்காரர்களின் பிஇ வரிப் பாரம் இல்லை, தொழில் செய்பவர்களின் பி பாரம், கடைசி நாளும் ஏப்ரல் 30 இல்லை, ஜூன் 30. தொழிலுக்காக நீங்கள் செய்த செலவைக் கழிக்கலாம், ரசீதை 7 வருஷம் பத்திரப்படுத்தணும். ரசீது வெயிலில் வெளுத்துப்போகும், போனில் படம் எடுத்து வையுங்கள்.

ரவாங் வாசகி: கல்லூரியில் படிக்கிறேன். தைப்பூசத்துக்கு 9 சேலை மடித்து அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். 4 பேர் இன்னும் காசு தரவில்லை, கேட்டால் "நம்ம பொண்ணுதானே" என்கிறார்கள்.

இந்த வேலை எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டுச் சேலை என்றால் சரிகை மேல் பருத்தித் துணி விரித்து, சூட்டைக் குறைத்து, முந்தானை மடிப்பை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு நிறுத்தி, கொசுவத்தைக் கட்டுபவரின் இடுப்பளவுக்குப் பிடித்து, பெட்டி மாதிரி மடித்து முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். கட்டுகிறவர் ஐந்து நிமிஷத்தில் கட்டிக்கொண்டு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவார். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள், உங்கள் முக்கால் மணி நேரத்தை யாரும் பார்க்கவில்லை.

சரி, பழைய நாலு பேரிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள், தராவிட்டால் விடுங்கள், அடுத்த சேலைக்கு அவர்களே வருவார்கள். இனிமேல் சேலையைக் கையில் வாங்கும் முன்பே இதை அனுப்புங்கள், எழுத்து மாறாமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "ஆன்ட்டி, பட்டு 20 வெள்ளி, சாதா 15. காசு வந்ததும் நாள் குறிச்சிடறேன். வியாழன் ராத்திரி ரெடி." கூடவே கியூஆர் கோடு. மன்னிப்பு, சிரிப்பு முகம், "முடிஞ்சா" என்கிற வார்த்தை எதுவும் சேர்க்காதீர்கள், மா. பாட்டி சேலைக்கு மட்டும் காசு வேண்டாம்.