லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது; படங்களையும் வீடியோக்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் போதுமா?

தாராளமாக மாற்றலாம். ஆனால் டிஸ்க் இரண்டு வாங்குங்கள்.

என் லேப்டாப் 256 ஜிபி. இதே போல நிறைந்தபோது, இருந்த படம், வீடியோ எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்குக்கு கட் செய்து பேஸ்ட் செய்தேன். அதில் அப்பா தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த வீடியோவும் இருந்தது. இங்கே சிங்கப்பூரில், பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு முருகன் கோயில் வரை தம்பி கூடவே நடந்து எடுத்தது. சில மாதம் கழித்து டிஸ்க்கைச் சொருகினேன். உள்ளே டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது; திரையில் ஒன்றும் வரவில்லை. மீட்டுத் தருகிற கடையிலும் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். முட்டி வலியால் அப்பா அதற்குப் பிறகு காவடி எடுக்கவில்லை.

வேறு இடத்துக்கு மாற்றுவது ஒன்று, பிரதி வைப்பது வேறு. லேப்டாப்பில் அழித்த பிறகு டிஸ்க்கில் இருப்பதுதான் ஒரே பிரதி.

சரி, எப்படிச் செய்வது? முதலில் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியைத் திறந்து, எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். எனக்குப் பாதிக்கு மேல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே கிடந்தது. சொந்தக் கோப்புகளை மட்டும் மாற்றுங்கள். மென்பொருள்களின் ஃபோல்டரைத் தொடாதீர்கள்.

வீட்டில் விண்டோஸும் மேக்கும் இருந்தால் டிஸ்க்கை, இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடிகிற எக்ஸ்ஃபேட் (exFAT) வடிவில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் (NTFS) வடிவில் உள்ள டிஸ்க்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. பழைய ஃபேட்32 (FAT32) வடிவம் என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே வீடியோ ஏறாது. ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும், அதனால் புதிதாக வாங்கியதுமே செய்துவிடுங்கள்.

அப்புறம் கட் வேண்டாம், காப்பி மட்டும். இரண்டு டிஸ்க்கிலும் காப்பி ஆனதும், கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் லேப்டாப்பில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரிய வீடியோக்களில் நாலைந்தைத் திறந்து கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கை முறையாக எஜெக்ட் செய்துவிட்டு லேப்டாப்பில் அழியுங்கள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். ஆப்பிளின் ஐகிளவுட் ஃபோட்டோஸ் போட்டிருந்தால் மிகவும் கவனம்: லேப்டாப்பில் அழித்த படம் போனிலும் போய்விடும்.

எதை வாங்குவது? ஒரே விலைக்கு ஹார்ட் டிஸ்க்கில் அதிக இடம் கிடைக்கும், ஆனால் கீழே விழுந்தால் தாங்காது. உள்ளே சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி (SSD) விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், ஆனால் மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்க ஏற்றதல்ல. 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும்; கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கிடும் முறை வேறு. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள், உத்தரவாதம் எத்தனை வருடம் என்றும் கேளுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கு, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். என்னுடைய இரண்டாவது டிஸ்க் யீஷூனில் அக்கா வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கே போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப்போய், புதுப் படங்களை அதில் ஏற்றி, பழைய வீடியோ ஒன்றிரண்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.