பதிவேட்டில் யார் கை வைப்பது?

வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்கு, வன்னிப் பாடசாலைகளில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வுபெற்ற கிளிநொச்சி ஆசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: மாஸ்டர், கனடாவில் இருக்கும் என் மச்சானுக்கு பேஸ்போல் என்றால் பைத்தியம். பரி பொண்ட்ஸ் தன் ஆட்டக்காலம் முழுவதும் அடித்த 762 ஹோம் ரன்னும் ஊசிமருந்தின் புண்ணியம், அதைப் பதிவேட்டிலிருந்து வெட்ட வேண்டும் என்று தொலைபேசியில் நின்று சண்டை பிடிக்கிறான். எல்லேயைத் தவிர வேறொன்றும் தெரியாத நான் அவனுக்கு என்ன சொல்ல? (வாசகர், முள்ளியவளை)

பதில்: எல்லே தெரிந்தால் போதும் தம்பி. பந்தை வேலிக்கு வெளியே தூக்கி அடித்துவிட்டு, அவசரமில்லாமல் நான்கு தளத்தையும் சுற்றி வந்தால் அது ஹோம் ரன்.

முதலில் மச்சானின் பக்கத்தைப் பார்ப்போம், அவர் சும்மா கத்தவில்லை. பேப் ரூத் 1927இல் ஒரே பருவத்தில் 60 அடித்தார். 1961இல் ரொஜர் மரிஸ் 61 அடித்தார். அதற்குப் பிறகு 37 வருடம் அந்த எண்ணை ஒருவராலும் அசைக்க முடியவில்லை. 1998இல் மார்க் மக்வயர் 70, சமி சோசா 66. 2001இல் பொண்ட்ஸ் 73. இந்த நான்கு பருவத்துக்குள் மட்டும் மரிஸின் எண் ஆறு தடவை தாண்டப்பட்டது. பொண்ட்ஸுக்கு 73 அடித்தபோது வயது 37. அதற்கு முன்போ பின்போ ஒரு பருவத்தில்கூட அவர் 50ஐத் தொட்டதில்லை. என்னுடைய மைதானத்தில் ஒருவன் அந்த வயதில் இப்படி ஓடியிருந்தால், முதலில் கையிலிருந்த நேரக்கணிப்பானைத் தட்டிப் பார்த்திருப்பேன்.

2003இல் கலிபோர்னியாவில், விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்துவந்த பல்கோ என்ற ஆய்வுகூடத்தை அதிகாரிகள் சோதனையிட்டார்கள். பொண்ட்ஸின் பயிற்சியாளருக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பிருந்தது. விசாரணையில் பொண்ட்ஸ் சொன்னது பிறகு பத்திரிகைக்குக் கசிந்தது: தனக்குத் தரப்பட்டது ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலிக்குப் பூசும் களிம்பு என்றும் நினைத்தாராம். உலகத்தில் அதிக சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களில் ஒருவர், தன் உடம்பில் என்ன பூசுகிறார்கள் என்று கேட்கவில்லையாம். நான் நம்பவில்லை. ஆனால் நான் நம்பாததற்கு எந்த மேசையிலும் பெறுமதி இல்லை. விசாரணைக்கு இடையூறு செய்தார் என்று 2011இல் குற்றவாளியாகக் கண்டார்கள், 2015இல் மேல்நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது.

சரி, வெட்டுவதென்றால் எதை வெட்டுவது? ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் எதிரில் ஒரு பந்து வீச்சாளர் நின்றார், அந்த ஓட்டத்தால் ஓர் அணி வென்றது, மற்றது தோற்றது. 73ஐ எடுத்துவிட்டு அந்த ஆட்டங்களின் முடிவை அப்படியே விடலாமா? எதிரில் நின்ற பந்து வீச்சாளர்கள் மட்டும் சுத்தமா? பேஸ்போலில் ஊக்கமருந்துப் பாவனையை விசாரித்து 2007 டிசம்பரில் வெளிவந்த மிச்செல் அறிக்கையில் 89 பேரின் பெயர் இருந்தது. அதில் பந்து வீச்சாளர்களும் இருந்தார்கள், ரொஜர் கிளெமன்ஸ் உட்பட. அவரும் 2012இல் நீதிமன்றத்தில் விடுதலையானவர்தான். ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் திருத்தினால் அது இன்னொரு பொய்க்கணக்கு.

வன்னியில் வைகாசி, ஆனியில் வலயமட்டப் போட்டி நடத்தியவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பின்னாலிருந்து தள்ளினால் நூறு மீற்றர்காரனுக்குக் கொண்டாட்டம், புழுதி தின்கிற நடுவருக்குத் திண்டாட்டம். செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்த நேரம் சாதனையாகாது. முதலாமிடம் முதலாமிடம்தான், பதக்கமும் அவனுக்குத்தான், பதிவேட்டில் மட்டும் ஏறாது. நல்ல விதி. ஆனால் அது ஓட்டத்துக்கு முன்பே எழுதி வைத்த விதி. காற்றுமானியே வைக்காமல் ஓடவிட்டு, பையன் கோப்பையோடு வீட்டுக்குப் போன பிறகு ‘அன்றைக்குக் காற்று அடித்த மாதிரி இருந்தது’ என்று நான் எழுத முடியாது.

பேஸ்போல் நிர்வாகம் காற்றுமானி வைக்கவில்லை. ஸ்டீரொய்ட் கூடாது என்று 1991இல் ஆணையாளர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சுற்றறிக்கைக்கு என்ன நடக்கும் என்பது அரசாங்க உத்தியோகம் பார்த்த எவருக்கும் தெரியும். பெயர் குறிக்காத முதல் சோதனை 2003இல்தான் நடந்தது, தண்டனையோடு சேர்ந்த சோதனை 2004இல். மக்வயரின் அலுமாரியில் அன்ட்ரோஸ்டெனிடியோன் என்ற ஊக்கமருந்துப் போத்தலை 1998இல் ஒரு செய்தியாளர் கண்டு எழுதினார். ஒலிம்பிக்கில் அப்போதே அது தடை, பேஸ்போலில் தடையில்லை. மக்வயர் 2010இல் தானாகவே வாய் திறந்து ஸ்டீரொய்ட் பாவித்ததை ஒப்புக்கொண்டார். அவருடைய 70 இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான். 762 அப்படியே இருக்கட்டும். அது நடந்ததன் பதிவு, நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல. மரியாதையை நான் வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்: 1974இல் ரூத்தின் மொத்த எண்ணான 714ஐத் தாண்டப்போகிறார் என்றவுடன், கறுப்பர் என்பதற்காகவே கொலை மிரட்டல் கடிதங்கள் வந்து குவிய, அதற்குள்ளும் போய் அடித்து 755இல் முடித்த ஹாங்க் ஆரனிடம். இதை மச்சானிடம் சொல்லுங்கள். சண்டை நிற்காது, ஆனால் திசை மாறும்.

கேள்வி: சேர், எங்கள் பாடசாலை விவாத அணியில் நான் இருக்கிறேன். ‘ஊக்கமருந்து விடயத்தில் சந்தேகமே போதும்’ என்ற பக்கம் எனக்கு விழுந்திருக்கிறது. இலங்கை உதாரணம் ஏதாவது கிடைக்குமா? (உயர்தர மாணவி, மல்லாவி)

பதில்: பிள்ளைக்குக் கஷ்டமான பக்கம்தான் விழுந்திருக்கிறது. ஆனாலும் கையில் ஒரு பெரிய ஆயுதம் இருக்கிறது, அதுவும் பொண்ட்ஸ் பெயர் அடிபட்ட அதே பல்கோ ஆய்வுகூடத்திலிருந்து.

2000 சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார், 22.28 செக்கன். 1948இல் டங்கன் வைற் வெள்ளி எடுத்த பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம். இரண்டாவதாக வந்த பஹாமாஸ் வீராங்கனை 22.27. நூறில் ஒரு செக்கன்! முதலாவதாக வந்தவர் மரியன் ஜோன்ஸ், 21.84. அவரைச் சோதனைகள் பிடிக்கவேயில்லை. பல்கோ கொடுத்த மருந்து அன்றைய ஆய்வுகூடங்களின் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காகவே தயாரிக்கப்பட்டது. 2003இல் ஒரு பயிற்சியாளர், மருந்து ஒட்டியிருந்த ஊசிக்குழாயை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்துக்கு அனுப்பிய பிறகுதான் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையே வந்தது. ஜோன்ஸ் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது 2009 டிசம்பரில். ‘சோதனையில் பிடிபடவில்லை’ என்பது ‘சுத்தம்’ என்பதற்குச் சான்று ஆகாது என்று இதை வைத்து அழுத்திச் சொல்லலாம்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜோன்ஸிடமிருந்து பறித்த 100 மீற்றர் தங்கத்தை, இரண்டாவதாக வந்த கிரேக்க வீராங்கனை தானுவுக்கு ஒலிம்பிக் குழு கொடுக்கவில்லை. 2004 ஏதென்ஸில் சோதனைக்கு வராமல் போனவர் அவர். தங்கத்துக்கு ஆளே இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் சிட்னியில் வென்ற வெள்ளியை அவரிடமிருந்து பறிக்கவும் இல்லை. இது எனக்குப் பிடித்த முடிவு. எழுதியதை அழிக்கவில்லை, புதிதாகக் கௌரவிக்க மறுத்தார்கள்.

எதிரணி கெட்டிக்காரராக இருந்தால் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவை எடுத்து வைப்பார்கள், தயாராக இருங்கள். 2015 டிசம்பரில் அவருடைய மாதிரியில் ஸ்டீரொய்ட் இருந்ததாக கட்டார் ஆய்வுகூடம் சொன்னது, உடனே இடைநிறுத்தினார்கள். 2016 மே மாதத்தில் ஐ.சி.சி. குற்றச்சாட்டையே திரும்பப் பெற்றது, ஆய்வுகூடத்தின் முடிவு நிற்கவில்லை. இடையில் இந்தியாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கிண்ணம் அவருக்கு இல்லாமல் போனது. சுசந்திகாவின் மேலேயே 1998இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு வந்து, பிறகு அவர் விடுவிக்கப்பட்டார். அன்றைக்கு ‘சந்தேகமே போதும்’ என்று கதவைச் சாத்தியிருந்தால் சிட்னிக்கு யார் போயிருப்பார்கள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் உங்களுக்கான பதில் இல்லை, பிள்ளை. நடுவர் என்னவோ பேச்சுத் திறமைக்குத்தானே புள்ளி போடுவார்.

கேள்வி: பொண்ட்ஸை பேஸ்போல் புகழ் மண்டபத்துக்குள் விடவில்லையாமே. அது சரியா? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: மண்டபத்துக்குப் பேஸ்போல் எழுத்தாளர்கள் வாக்களிக்கிறார்கள், 75 சதவீதம் வேண்டும், பத்து வருடம் வரை பெயர் பட்டியலில் நிற்கலாம். பொண்ட்ஸ் 2022இல், பத்தாவதும் கடைசியுமான தடவையில், 66 சதவீதத்தில் நின்றுவிட்டார். விடாமல் வைத்திருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மாலை யாருக்குப் போடுவது என்பது போடுகிறவரின் விருப்பம்.

எனக்குப் பிரச்சினை வேறு. அதே 2022இல் டேவிட் ஓர்ட்டிஸ் முதல் தடவையிலேயே உள்ளே போனார். 2003இன் பெயர் குறிக்காத சோதனையில் பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர் என்று நியூயோர்க் டைம்ஸ் 2009இல் எழுதியிருந்தது, அவர் மறுத்தார். அவர் சிரித்த முகம், பொண்ட்ஸ் சிடுமூஞ்சி, செய்தியாளர்களோடு ஒத்துப்போகாதவர். அதைவிடப் பெரியது: இத்தனையும் நடந்த காலத்தில் ஆணையாளர் நாற்காலியில் இருந்த பட் சீலிக் மண்டபத்துக்குள்ளே இருக்கிறார், 2017இலிருந்து. 1994இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரே நடக்காமல் போய், கோபித்துக்கொண்டு போன சனத்தை மைதானத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்ததில் 1998இல் மக்வயரும் சோசாவும் போட்டிபோட்டு அடித்த ஹோம் ரன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காசு எண்ணியவர் உள்ளே, அடித்தவர் வெளியே. நம்மூர்க் கழகங்களில் இந்த நியாயத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்கா ஒன்றும் புதிதாகத் தெரியாது.

கேள்வி: சேர், தொண்ணூறுகளில் நான் பாய்ந்த முப்பாய்ச்சல் எங்கள் பாடசாலைச் சாதனை. இப்போது அங்கே தொங்கும் பலகையில் 2010க்குப் பிறகு வந்த பெயர்கள் மட்டும்தான். என்னுடையது அழிந்ததுதானா? (பழைய மாணவர், புதுக்குடியிருப்பு, இப்போது ரொறன்ரோ)

பதில்: அழித்தவர் யாருமில்லை தம்பி. இடம்பெயர்ந்தபோது பதிவேடுகள் எங்கே போயின என்று உங்களுக்கே தெரியும். கட்டிலையும் ஓட்டையும் ஏற்றிய உழவு இயந்திரத்தில் மெய்வல்லுநர் கொப்பிக்கு இடம் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது கையிலிருந்ததை வைத்து எழுதினார்கள்.

ஆனால் விட்டுப்போனதைச் சேர்க்கலாம். கறுப்பர்கள் 1947இல் ஜக்கி ரொபின்சன் வரும்வரை பெரிய லீக்கில் ஆட முடியவில்லை, தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தினார்கள். அந்த ஆட்டங்களின் கணக்கைப் பழைய பத்திரிகைகளில் தேடித் தேடித் தொகுத்து, 2024இல் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அந்த லீக்குகளில் ஆடிய ஜோஷ் கிப்சன், .372 என்ற துடுப்பாட்டச் சராசரியோடு, பெரிய லீக்கின் டை கொப்பின் .367ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார், இறந்து எழுபது வருடத்துக்கு மேலான பிறகு! ஸ்டீரொய்ட் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். ரூத்தின் 60 எவ்வளவு சுத்தமானது? அன்றைக்கு இருந்த நல்ல பந்து வீச்சாளர்களில் ஒரு பகுதியினரை நிறத்துக்காக வெளியே நிறுத்திவிட்டு அடித்த 60 அது.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். வலயமட்டச் சான்றிதழ், அதிபரின் கையொப்பமிட்ட கடிதம், அந்தக் காலப் பத்திரிகைத் துண்டு, பரிசளிப்பு விழா மலர், இவற்றில் ஒன்றாவது இருந்தால் படமெடுத்துப் பாடசாலைக்கு அனுப்புங்கள். நானும் அதிபரோடு பேசுகிறேன். கூடப் படித்த நண்பனின் ஞாபகத்தை மட்டும் அனுப்பாதீர்கள். பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் பாய்ச்சல் அரை மீற்றர் நீளுவதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன். அங்கே விற்கும் புரதமாவைக் குடித்துவிட்டு மாகாணமட்டப் பழுதூக்கலுக்குப் போனால் பிடிபடுவேனா? டப்பாவின் படம் இணைத்திருக்கிறேன். (வாசகர், வவுனியா)

பதில்: புரதம் தடையில்லை. அதோடு வேறென்ன கலந்திருக்கிறது என்பதுதான் பயம். கடைக்காரர் கலந்தார், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் உடம்பில் இருப்பதற்குப் பொறுப்பு நீங்கள். கொழும்பில் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் இருக்கிறது, குடிப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் முன்பக்கத்து ஆணழகன்தான் தெரிகிறார். பின்பக்கத்துச் சின்ன எழுத்துத் தெரிய இன்னொரு படம் அனுப்புங்கள்.