ஆளில்லாத ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சொந்தமாக ஒரு செஸ் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப்பில் அதை இறக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்படி என்னதான் நடக்கிறது அங்கே என்று டி.சி.இ.சி. என்ற, செஸ் புரோகிராம்கள் ஒன்றோடொன்று ஆடும் போட்டியின் நேரலையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இன்ஜின், அதாவது செஸ் ஆடும் புரோகிராம், தனக்கு 1.80 சாதகம் என்று காட்டியது. எதிரில் இருந்தது 0.20 என்றது. இரண்டும் யானையை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தன. முப்பது நகர்வுக்கு மேல் இதேதான். எழுந்து போய்விட்டேன்.

இதில் பயம் இல்லை, களைப்பு இல்லை, கைநடுக்கம் இல்லை. யாரிடம் பெரிய மெஷின் இருக்கிறதோ அவர்கள் ஜெயிக்கப் போகிறார்கள். முக்கால்வாசி டிரா. கடைசியில் ஜெயிப்பது எப்போதும் ஸ்டாக்ஃபிஷ் என்ற ஒரே புரோகிராம். ஆளே இல்லாத ஆட்டத்தை யாருக்காக நடத்துகிறார்கள்? மகளிடம் கேட்டால் மனம் வாடிப்போவாள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எழுந்துபோன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த மணி நேரத்தில் பார்க்க வேண்டிய விஷயம் அங்கேதான் இருந்தது.

செஸ்ஸில் கோட்டை என்று ஒரு நிலை உண்டு. (ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோகும் காஸ்லிங் வேறு.) ஒரு பக்கத்திடம் காய் அதிகம், இடமும் அதிகம், ஆனாலும் எதிரியின் அரணுக்குள் நுழைய ஒரு வழியும் இல்லை. சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. காய்களை எண்ணிப் பார்த்தால் வெற்றி. நகர்த்திப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும். 1.80 என்று காட்டிய இன்ஜின், தோராயமாகச் சொன்னால், ஏறக்குறைய இரண்டு சிப்பாய் அளவுக்குத் தான் முன்னால் இருப்பதாக நம்புகிறது. 0.20 என்று காட்டியது, உன்னால் உள்ளே வர முடியாது என்கிறது. ஒரே பலகை, ஒரே காய்கள். இரண்டில் ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியவில்லை.

அப்புறம் ஐம்பது நகர்வு விதி. ஒரு காயும் வெட்டப்படாமல், ஒரு சிப்பாயும் நகராமல் இரு தரப்பும் ஐம்பது நகர்வுகள் ஆடிவிட்டால் டிரா கோரலாம். முப்பது நகர்வு தாண்டியது என்கிறீர்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு நகர்வு பொறுத்திருந்தால், 1.80 காட்டிய இன்ஜினுக்கு அந்த எல்லை கண்ணில் பட்டிருக்கும். அதன் எண் மெல்ல இறங்கத் தொடங்கியிருக்கும். அல்லது டிராவைத் தவிர்ப்பதற்காக ஒரு சிப்பாயைத் தள்ளி, எண்ணிக்கையை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கும். அந்தச் சிப்பாய் சில சமயம் கதவைத் திறக்கும், சில சமயம் தள்ளியவனையே கவிழ்க்கும். நான் இரவு கண்விழித்துப் பார்ப்பது இந்த ஒரு சிப்பாய்க்காகத்தான்.

மனிதர்கள் ஆடும்போது அவர்கள் மனதில் ஓடுவது நமக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து ஊகிக்கிறோம். இங்கே இரண்டு ஆட்டக்காரர்களின் கணக்கும் பலகைக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. எத்தனை நகர்வு ஆழம் பார்க்கிறது, அடுத்து எந்த வரிசையை எதிர்பார்க்கிறது, தன் நிலையை எவ்வளவு என்று மதிப்பிடுகிறது, எல்லாமே. ஒன்று நிம்மதியாக இருக்கும்போதே மற்றதற்கு ஆபத்து தெரிந்துவிட்டதை நீங்கள் எண்ணில் பார்க்கலாம். நாலைந்து நகர்வு கழித்து முதல் இன்ஜினின் எண்ணும் சரிந்து விழும். அந்த நாலைந்து நகர்வு நேரத்தில் நம் நெஞ்சு அடித்துக்கொள்வது நிஜம்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. முதல் உலக கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப் 1974-ல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. 13 புரோகிராம்கள். சோவியத் ஒன்றியத்தின் கெய்ஸ்ஸா நான்கு சுற்றிலும் ஜெயித்துப் பட்டம் வாங்கியது. அது ஓடிய கம்ப்யூட்டர் மாஸ்கோவில் இருந்தது. நகர்வுகள் தொலைபேசி வழியாகப் போய் வந்தன. அடுத்தது 1977-ல் டொரோண்டோவில். அங்கே கெய்ஸ்ஸா அமெரிக்காவின் டச்சஸ் என்ற புரோகிராமுடன் ஆடியது. டச்சஸ் ராணியைக் கடைசி வரிசைக்குக் கொண்டுவந்து செக் வைத்தது. ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினால் போதும், தப்பித்துவிடலாம் என்றே எல்லோருக்கும் பட்டது. கெய்ஸ்ஸா ராஜாவைத் தொடவில்லை. யானையை ராணிக்கும் ராஜாவுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தது. சும்மா வெட்டக் கொடுத்தது. புரோகிராமில் பிழை என்று அரங்கம் முடிவு கட்டிவிட்டது. முன்னாள் உலக சாம்பியன் மிகாயில் போட்வினிக்கும் அங்கே இருந்தார். அவருக்கும் காரணம் பிடிபடவில்லை. கெய்ஸ்ஸா அந்த ஆட்டத்தில் தோற்றது.

ஆட்டம் முடிந்த பிறகு கெய்ஸ்ஸாவிடமே கேட்டார்கள்: ராஜாவை நகர்த்தியிருந்தால் என்ன? அது பதில் காட்டியது. டச்சஸ் தன் ராணியைப் பலி கொடுத்துச் செக் வைக்கும். ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். அப்புறம் மந்திரி செக், பின்னால் யானை, மேட். அரங்கில் இருந்த ஒருவருக்கும் கண்ணில் படாத மேட் அது. யானையைக் கொடுத்தது அதைத் தள்ளிப்போடத்தான். அன்று மட்டும் திரையில் இரண்டு எண்கள் ஓடியிருந்தால், பிழை என்று யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். நேரலையில் எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த யானை ஞாபகம் வரும்.

சரி, பெரிய மெஷின் விஷயம். பழைய உலக சாம்பியன்ஷிப்பில் அவரவர் தங்கள் கம்ப்யூட்டரோடு வரலாம். அதனால் உங்கள் சந்தேகம் அங்கே நியாயம். ஆனாலும் 1995-ல் ஹாங்காங்கில் நடந்ததைக் கேளுங்கள். ஐ.பி.எம். செய்த டீப் ப்ளூ என்ற செஸ் கம்ப்யூட்டரின் முன்மாதிரி வந்திருந்தது. அதுதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாதாரண பென்டியம் கம்ப்யூட்டரில் ஓடிய ஃபிரிட்ஸ் என்ற புரோகிராம் அதைத் தோற்கடித்துப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. இரண்டே வருடத்தில், 1997-ல், அதே டீப் ப்ளூவின் வளர்ந்த வடிவம் உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5–2.5 என்று வென்றது. இப்போது டி.சி.இ.சி.யில் மெஷினைப் போட்டி நடத்துபவர்களே கொடுக்கிறார்கள். 2010-ல் மார்ட்டின் தோரெசன் தொடங்கிய போட்டி அது. கொண்டுபோக வேண்டியது புரோகிராம் மட்டும்தான்.

டிரா பற்றிச் சொன்னதும் பாதி சரி. தொடக்க நிலையிலிருந்து ஆடவிட்டால் இந்த இன்ஜின்கள் கிட்டத்தட்ட எப்போதும் டிராவில்தான் முடிக்கும். அதனால் முதல் சில நகர்வுகளை மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தருகிறார்கள். ஒரு பக்கம் தெளிவாக மோசமாக இருக்கும் தொடக்கங்கள். ஒவ்வொரு தொடக்கத்தையும் இரு முறை, வெள்ளையும் கறுப்பும் மாற்றி ஆட வேண்டும். நல்ல பக்கம் கிடைக்கும்போது ஜெயித்து, கெட்ட பக்கம் கிடைக்கும்போது டிரா பிடித்துவிட்டால் அந்த ஜோடி உன்னுடையது. ஆக, ஒற்றை ஆட்டமாகப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

எப்போதும் ஸ்டாக்ஃபிஷ் என்பதில்தான் உங்களோடு சண்டை போட விரும்புகிறேன். 2017 டிசம்பரில் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆல்ஃபாஸீரோ பற்றிய செய்தி வந்தது. செஸ் விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்து, தனக்குத் தானே ஆடிப் பழகிக்கொள்ள விட்ட புரோகிராம். ஸ்டாக்ஃபிஷுடன் 100 ஆட்டம் ஆடி 28-ல் வென்றது, 72 டிரா, தோல்வி இல்லை. ஸ்டாக்ஃபிஷ் விநாடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தது. ஆல்ஃபாஸீரோ பார்த்தது 80 ஆயிரம். குறைவாகப் பார்த்தது, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது எந்தச் சாம்பியன்ஷிப்புக்கும் வரவில்லை. அதே முறையில், எல்லோருக்கும் திறந்த ஒரு புரோகிராமாக, லீலா 2018-ல் பிறந்தது. தொடங்கியவர் கேரி லின்ஸ்காட். ஸ்டாக்ஃபிஷில் செய்யும் ஒவ்வொரு சின்ன மாற்றத்தையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் சோதித்துப் பார்க்கும் ஏற்பாட்டை 2013-ல் கொண்டுவந்தவரும் இவரேதான். முதல்வனை வளர்த்த கையே அவனுக்கு எதிரியையும் செய்தது. எனக்கு இந்த ஒரு தகவல் மட்டும் தீராத வியப்பு.

லீலாவைப் பழக்கியது யார் தெரியுமா? முன்பின் அறியாத தன்னார்வலர்கள். தங்கள் கம்ப்யூட்டர்களை அதற்கு விட்டுக்கொடுத்து, அது தன்னோடு தானே கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆட வழி செய்தார்கள். டி.சி.இ.சி. 14-வது சீசன் இறுதியில் லீலா ஸ்டாக்ஃபிஷிடம் 50.5–49.5 என்று தோற்றது, அதாவது ஒரே ஒரு புள்ளி. அடுத்த சீசனில், 2019-ல், 53.5–46.5 என்று பட்டம் வாங்கியது. 2020-ல் 17-வது சீசனில் மறுபடியும். அந்த மாதங்களில் பார்த்தவர்களுக்கு உங்கள் கேள்வி வந்திருக்காது. ஒன்று தேடித் தேடிக் கணக்குப் போடும், மற்றது பார்த்தவுடன் நிலையை எடை போடும். முட்டிக்கொண்டு நிற்கும் சிப்பாய்ச் சுவர்களுக்குள் லீலா மெல்ல மெல்ல எதிரியை நெரிப்பாள். ஸ்டாக்ஃபிஷ் வெகுநேரம் ஒன்றுமில்லை என்றே காட்டிக்கொண்டிருக்கும். (லீலாவை நானும் பலரைப் போல அவள் என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.)

ஸ்டாக்ஃபிஷ் எப்படி மீண்டது என்பதும் கவனிக்க வேண்டியது. ஜப்பானிய சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு என்பவர் 2018-ல் ஒரு சின்ன நரம்பு வலையமைப்பை, அதாவது பயிற்சியால் நிலையை மதிப்பிடக் கற்கும் கணக்கு முறையை, உருவாக்கியிருந்தார். ஒரு நகர்வில் பலகையில் மாறுவது ஒன்றிரண்டு காய்கள்தானே. மாறிய பகுதியை மட்டும் திருத்திக்கொண்டு போனால் சாதாரண ப்ராசசரிலேயே வேகமாக ஓடும். அதை 2020-ல் ஸ்டாக்ஃபிஷ் எடுத்துக்கொண்டது. பிறகு லீலா தரப்பு சேர்த்து வைத்திருந்த தரவுகளைக் கொண்டும் பயிற்சி பெற்றது. தோற்கடித்தவளிடமே பாடம் கற்று மேலே வந்தது. நீங்கள் பார்க்கும் இன்றைய ஸ்டாக்ஃபிஷுக்குள் லீலாவின் பார்வையும் கொஞ்சம் இருக்கிறது. ஆளே இல்லாத ஆட்டம் என்கிறீர்கள். எனக்கு அங்கே ஆட்கள்தான் தெரிகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. பழைய போட்டிகளில் புரோகிராம் எழுதியவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து, நிஜப் பலகையில் காய் நகர்த்தி, கடிகாரத்தை அழுத்தினார்கள். ஆட்டம் முடிந்ததும் நடந்ததைப் பேசிக்கொண்டிருக்கலாம். 1974-ல் தொடங்கிய அந்தப் போட்டி 2024-ல் சான்டியாகோ டி கம்போஸ்டெலாவில் கடைசியாக நடந்து நிறுத்தப்பட்டது. இப்போது எல்லாம் எங்கோ இருக்கும் ஒரு மெஷினில் ஓடுகிறது. அந்த மேஜைகள் போனது எனக்கு இழப்புதான்.

இனி உங்கள் மகள். அவளிடம் தாராளமாகப் பேசுங்கள், மனம் வாட மாட்டாள். டி.சி.இ.சி. என்பது பல பிரிவுகள் கொண்டது. கீழே இருந்து ஜெயித்து ஜெயித்து மேல் பிரிவுக்கு ஏற வேண்டும். அங்கே தனியாளாக, வேலை முடிந்த இரவுகளில் எழுதப்பட்ட புரோகிராம்கள் நிறைய உண்டு. அவர்கள் யாரும் ஸ்டாக்ஃபிஷை வெல்லப் போவதாக நினைத்து வருவதில்லை. போன முறை தன்னைத் தோற்கடித்ததை இந்த முறை தோற்கடிக்க வருகிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லுங்கள்: திறந்த புரோகிராம்களைப் படிக்கலாம், கற்கலாம், ஆனால் எழுதுவது அவளுடையதாக இருக்க வேண்டும். ரிப்கா என்ற புரோகிராம் உலகப் பட்டங்கள் வென்றது. மற்றவர்களின் புரோகிராம்களிலிருந்து எடுத்தது என்று சொல்லி, போட்டியை நடத்திய சங்கம் 2011-ல் அந்தப் பட்டங்களைப் பறித்தது. அந்த முடிவு சரியா என்ற வாதம் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது.

அவள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று தெரிய ஒரு எண்ணைக் கேளுங்கள். தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள். கறுப்பும் ஆடினால் 400 வழிகள். இப்படி இரு பக்கத்து நகர்வையும் தனித்தனியே எண்ணிக்கொண்டு போனால், மூன்றாவது நகர்வில் 8,902. நான்காவதில் 1,97,281. ஐந்தாவதில் 48,65,609. செஸ் புரோகிராம் எழுதும் எல்லோரும் இந்த எண்களை வைத்துத்தான் தங்கள் புரோகிராமுக்கு விதி சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஐந்தாவதில் அவளுக்கு 48,65,351 வந்தால் 258 குறைகிறது என்று அர்த்தம். சிப்பாய் இரண்டு கட்டம் தாவும்போது பக்கத்துச் சிப்பாய் அதைக் குறுக்கே வெட்டும் விதி, ஆன் பாசான் என்பார்களே, அதை எழுத மறந்திருக்கிறாள். அந்த வெட்டு முதன்முதலாகத் தலைகாட்டும் இடம் ஐந்தாவது நகர்வுதான்.

இன்றிரவு அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐந்தாவதில் என்ன வருகிறது என்று கேளுங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.