டிவிடியில் உள்ள விஓபி கோப்பை வலைத்தளத்தில் ஓட வைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளியின் 2006 ஆண்டு விழா டிவிடியைக் கணினியில் போட்டால், வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று ஏகப்பட்ட கோப்புகள் இருக்கின்றன. முன்னாள் மாணவர் சங்கத்தின் வலைத்தளத்தில் ஒரு விஓபி கோப்பை அப்படியே ஏற்றினேன். கிளிக் செய்தால் ஓடாமல் டவுன்லோடு ஆகிறது. எம்பி4 என்று பெயரை மாற்றியும் பார்த்தேன், ஓடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. விஓபிக்குள் இருக்கும் படம் எம்பெக்-2 என்ற சுருக்க முறையில் இருக்கும், ஒலி பெரும்பாலும் ஏசி-3 முறையில். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர்களுக்கு எம்பெக்-2 படத்தைக் காட்டத் தெரியாது, அதனால்தான் கோப்பைத் தூக்கி டவுன்லோடு பக்கம் தள்ளிவிடுகின்றன. சர்வரில் என்ன செட்டிங் மாற்றினாலும் இது சரியாகாது. ஒருமுறை ஒழுங்காக எம்பி4-ஆக மாற்றி ஏற்றுவதுதான் வழி. எம்பி4-க்குள் படம் எச்.264, ஒலி ஏஏசி என்ற சுருக்க முறைகளில் இருந்தால் இன்றைய போன், கணினி எல்லாவற்றிலும் ஓடும்.

உங்கள் ஃபோல்டரில் எது எது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஎஃப்ஓ என்பது எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எத்தனை அத்தியாயம், படம் 4:3-ஆ 16:9-ஆ என்ற விவரங்கள். பியுபி அதன் நகல். படமும் ஒலியும் விஓபியில் இருக்கின்றன. ஒரு விஓபி கோப்பு 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி, அதனால் ஒரே நிகழ்ச்சி 1, 2, 3 என்று எண் போட்ட துண்டுகளாகக் கிடக்கும். 0 என்று முடிகிற விஓபி மெனு, அது உங்களுக்கு வேண்டாம். துண்டுகளைத் தனித்தனியாக மாற்றாதீர்கள், வெட்டு விழுகிற இடம் பாட்டின் நடுவிலோ பேச்சின் நடுவிலோ இருக்கும். முழு ஃபோல்டரையும் மென்பொருளுக்குக் கொடுத்தால் அது ஐஎஃப்ஓவைப் படித்துத் தானே கோர்த்துக்கொள்ளும்.

முதல் வேலை, டிவிடியை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு ஐஎஸ்ஓவாக, அதாவது முழுத் தகட்டையும் ஒரே கோப்பாக, நகல் எடுப்பது. வீட்டில், ஸ்டூடியோவில் எழுதிய டிவிடி-ஆர் தகடுகளில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் பதிந்திருக்கிறது, வெயிலும் சூடும் பட்டால் அது கெடும், 2006 தகடு இன்று படிக்கிறது என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். நடுவில் திக்கினால் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி கெட்ட இடத்தைத் தாண்டி மற்றதை எல்லாம் காப்பாற்றிவிட்டு, பிறகு கெட்ட இடத்தைத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். இந்த ஐஎஸ்ஓதான் உங்கள் மூலம். எம்பி4 வந்துவிட்டதே என்று இதை அழித்துவிடாதீர்கள்.

எம்பி4-ஆக மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும், இலவசம். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர் விழா வீடியோக்கள் பால் (PAL) என்ற டிவி முறையில் எடுத்தவை, 720-க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃபிரேம். ஆனால் அந்த ஒவ்வொரு ஃபிரேமும் உண்மையில் இரண்டு பாதிப் படங்கள், ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்திலும் எடுத்தவை. பழைய டிவி இவற்றை மாறி மாறிக் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கணினித் திரை இரண்டையும் சேர்த்துக் காட்டும், அப்போது ஆடுகிற பிள்ளையின் கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழியும். இதைச் சரிசெய்யாமல் எச்.264-ஆக மாற்றினால் அந்தக் கோடுகள் படத்தோடு ஒட்டிப்போகும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

ஆகவே ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் (பாதிப் படங்களை முழுப் படமாக்குவது) என்பதில் பிடபிள்யூடிஃப் அல்லது யாடிஃப் எடுத்து, பிரீசெட்டை பாப் என்று வையுங்கள். பாப் வைத்தால் 50 பாதிப் படங்களும் 50 முழு ஃபிரேம்களாகும், நடனத்தின் வேகமும் வழவழப்பும் டிவியில் பார்த்த மாதிரியே இருக்கும். ஒன்று கவனியுங்கள்: ஃபாஸ்ட் 576பி25 என்ற ரெடிமேட் பிரீசெட்டில் ஃபிரேம் வேகத்துக்கு 25 என்று உச்சவரம்பு இருக்கிறது, அதை 50 ஆக்காவிட்டால் பாப் வைத்தும் பயனில்லை. அப்புறம், மாற்றிய படத்தில் ஆட்கள் முன்னும் பின்னும் உதறுவது போல் தெரிந்தால் மேல் வரி, கீழ் வரி வரிசை தலைகீழாகியிருக்கிறது என்று அர்த்தம். மினிடிவி (MiniDV) என்ற சிறு கேசட்டில் பதியும் கேமராக்கள் கீழ் வரியை முதலில் எழுதுபவை, டிவிடி ஆக்கிய ஸ்டூடியோவில் அதைத் தவறாகக் குறித்திருப்பார்கள். டீஇன்டர்லேஸில் கஸ்டம் எடுத்து பேரிட்டி (எந்த வரி முதலில் என்பது) மதிப்பை மாற்றி ஒரு நிமிடத் துண்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

தரத்துக்கு ஆர்எஃப் என்ற எண்ணை (குறைந்தால் தரம் கூடும்) 20 என்று வையுங்கள், 18 முதல் 22 வரை இந்த அளவுப் படத்துக்குச் சரி. முகங்கள் ஒல்லியாகத் தெரிந்தால் அனமார்ஃபிக் (ஓட்டும்போது படத்தை நீட்டிக் காட்டும் முறை) என்பதை நன் (None) என்று மாற்றுங்கள், 4:3 படம் 720-க்கு 540 என்று வரும். 1080-க்குப் பெரிதாக்க வேண்டாம், இல்லாத விவரம் வராது, கோப்புதான் வீங்கும்.

2 மணி நேர விழாவை ஒரே கோப்பாகப் போடவும் வேண்டாம். நொடிக்கு 1.5 மெகாபிட் என்று வைத்தாலே 1.35 ஜிபி ஆகும், 100 பேர் முழுதாகப் பார்த்தால் 135 ஜிபி போக்குவரத்து, சின்ன ஹோஸ்டிங் திட்டம் தாங்காது. டிவிடியில் அத்தியாயங்கள் இருந்தால் ஹேண்ட்பிரேக்கிலேயே அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கலாம். வரவேற்பு நடனம், நாடகம், பரிசளிப்பு என்று தனித்தனியாக இருந்தால்தான் வருகிறவரும் தன் பகுதியைத் தேடிப் பார்ப்பார்.

யூடியூபில் போட்டு இணைப்பு கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம், போக்குவரத்துச் செலவு மிச்சம். ஆனால் சினிமாப் பாட்டுக்கு ஆடிய நடனம் என்றால் அங்குள்ள தானியங்கிச் சோதனை பாட்டைக் கண்டுபிடித்து உரிமை கோரலாம், சில நாடுகளில் வீடியோவையே தடுக்கலாம். சொந்தத் தளத்தில் அந்தச் சோதனை இல்லை என்பதற்காகப் பாட்டின் உரிமை நமக்கு வந்துவிடாது. மேடையில் இருந்தவர்கள் அப்போது பிள்ளைகள், இன்று பெரியவர்கள். சங்கத்தில் ஒருமுறை அறிவித்து, வேண்டாம் என்பவரின் பகுதியை விட்டுவிடுங்கள். உறுப்பினர் லாகின் செய்து பார்க்கிற மாதிரி வைப்பது இன்னும் நல்லது.

சொந்தத் தளத்தில்தான் என்றால், ஹேண்ட்பிரேக்கில் வெப் ஆப்டிமைஸ்டு என்ற பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள். எம்பி4-க்குள் எந்த நொடி கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு, சாதாரணமாக அது கோப்பின் கடைசியில் எழுதப்படும். டிக் செய்தால் முன்னால் வரும், பிரவுசர் அதை முதலிலேயே படித்து உடனே ஓட்டத் தொடங்கும். ஏற்றுவதற்கு எஃப்டிபி (கோப்பை நேராக சர்வருக்கு அனுப்பும் வழி) பயன்படுத்துங்கள், தளத்தின் அப்லோடு பட்டன் பெரிய கோப்பைப் பெரும்பாலும் ஏற்காது. பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலில் உள்ள வீடியோ டேக்கில் பிரீலோடை (முன்கூட்டியே எவ்வளவு இறக்குவது என்பதை) மெட்டாடேட்டா, அதாவது விவரம் மட்டும், என்று வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தைத் திறந்தவர் எதையும் கிளிக் செய்யாமலே அவருடைய டேட்டா கரையலாம்.

ஏற்றியதும் ஒரு ஐபோனில் திறந்து, ஓடுகிற கோட்டை நடுவில் இழுத்துப் பாருங்கள். உடனே அங்கிருந்து ஓடினால் சரி. ஓடவே மறுத்தால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும்: ஒன்று, சர்வர் அந்தக் கோப்பை வீடியோ/எம்பி4 என்ற மைம் வகையோடு (இது என்ன கோப்பு என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிப்பு) அனுப்பவில்லை, இன்னொன்று, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் கொடுக்கும் ரேஞ்ச் வசதி இல்லை. சஃபாரிக்கு இந்த ரேஞ்ச் கட்டாயம் வேண்டும், அது இருக்கிற சர்வர் 206 என்று பதில் தரும், இல்லாதது 200 என்று முழுக் கோப்பையும் கொட்டும். அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள்கள் நேரடியாகக் கொடுக்கும் கோப்புக்கு இது தானாகவே வேலை செய்யும். லாகின் சரிபார்க்க நடுவில் ஒரு பிஎச்பி நிரல் வைத்து அதன் வழியாக வீடியோவை அனுப்பினால் உடைவது இங்கேதான், அந்த நிரலை எழுதியவரிடம் ரேஞ்ச் கோரிக்கையைக் கவனித்தாரா என்று கேளுங்கள்.