வாசகர் கேள்வி, சட்டப் பதில்: அமெரிக்கக் கிராமப்புறத்தில் கைதுப் பதிவைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் அக்கா மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை அமெரிக்காவின் நடுப்பகுதியில், வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் உள்ள தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவரை அங்கே போலீஸார் கைது செய்ததாகத் தூரத்து உறவினர் ஒருவர் அக்காவின் காதில் போட்டுவிட்டார். அந்த நாட்டில் கைதுப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறார்கள். சென்னையில் இருந்தபடியே பார்க்க முடியுமா?
— வாசகி ஒருவர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: பெரும்பாலும் முடியும், அம்மா. முதலில் அவர் வசித்த ஊர் எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். நம்முடைய மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவுதான் கவுண்டி. அந்த நாட்டில் 3,000-க்கும் அதிகமான கவுண்டிகள் இருக்கின்றன, ஒரே பெயர் பல மாநிலங்களில் வரும். அஞ்சல் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஊருக்கு வெளியே வீடு இருந்தால் அது பக்கத்துக் கவுண்டியின் எல்லைக்குள் இருக்கலாம்; கைது வேறு கவுண்டியின் நெடுஞ்சாலையில் நடந்திருக்கவும் கூடும்.

கிராமப்புறக் கவுண்டிகளில் காவல் பொறுப்பு பெரும்பாலும் ஷெரிஃப் என்ற அதிகாரியிடம் இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி அது. கவுண்டிச் சிறையையும் வழக்கமாக அவரே நடத்துவதால், பல ஷெரிஃப் அலுவலகங்கள் சிறையில் இருப்பவர்களின் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, சில இடங்களில் புகைப்படம் ஆகியவற்றை இணையத்தில் வெளியிடுகின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது இந்தப் பட்டியலைப் பற்றித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதில் இப்போது சிறையில் இருப்பவர்களும், மிஞ்சினால் அண்மையில் வந்து போனவர்களும்தான் இருப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கைதுக்கு இந்தப் பட்டியல் உதவாது.

நீங்கள் தேட வேண்டிய இடம் நீதிமன்றம். கைதுக்குப் பிறகு வழக்குத் தொடரப்பட்டதா, தள்ளுபடி ஆனதா, தண்டனை விதிக்கப்பட்டதா என்பதைச் சொல்லும் பதிவு கவுண்டி நீதிமன்ற எழுத்தரின் அலுவலகத்தில் இருக்கிறது. விஸ்கான்சின், மிசோரி, ஒக்லஹோமா, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் நீதிமன்ற வழக்குகளைப் பெயர் கொடுத்து இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அத்தகைய வசதி இல்லாத கவுண்டி என்றால் எழுத்தரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. பெயர், பிறந்த தேதி, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைச் சொல்லி, வழக்கு எண்ணையும் வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் கேளுங்கள். நகல் வேண்டுமானால் கட்டணம் கேட்பார்கள்.

காவல் துறையின் கைது அறிக்கையே வேண்டும் என்றால் வழி சற்றுச் சுற்று. 1966-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கவுண்டி அலுவலகங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டமே பொருந்தும். சில மாநிலங்கள் தம் குடிமக்கள் கேட்டால் மட்டுமே தருகின்றன. வர்ஜீனியாவின் அத்தகைய சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013-ல் செல்லும் என்று கூறியது; டென்னசியிலும் அதே கட்டுப்பாடு உண்டு. எனவே வண்ணாரப்பேட்டையிலிருந்து அனுப்பும் கடிதத்தை அவர்கள் மறுக்கலாம். அந்த மாநிலத்திலேயே வசிக்கும் உறவினர் ஒருவர் விண்ணப்பிப்பது நல்லது.

நம்மவர்களின் பெயரைத் தேடும்போது தனிக் கவனம் வேண்டும். நாம் இனிஷியல் வைத்துக்கொள்கிறவர்கள். அங்கே தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது, சில ஆவணங்களில் முன்னும் பின்னுமாக மாறியும் விடுகிறது. கடவுச்சீட்டில் முதற்பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் விசாவில் அந்த இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள். ஒருவருடைய பதிவு அந்தப் பெயரில் கிடப்பதும் உண்டு. ஆகவே எழுத்துக்கூட்டல்களை மாற்றி மாற்றித் தேடுங்கள். அதே நேரம், பெயர் பொருந்திவிட்டது என்பதால் ஆள் அவர்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பிறந்த தேதி பொருந்த வேண்டும். பணம் கட்டினால் எல்லா மாநிலங்களின் பதிவுகளையும் திரட்டித் தருவதாகச் சொல்லும் இணையதளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்கி விடுவதும், தள்ளுபடியான வழக்கின் முடிவைச் சேர்க்காமல் விடுவதும் அவற்றில் அடிக்கடி நடக்கும் பிழைகள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். கைதுப் பதிவு என்பது ஒருவர் மீது காவல் அதிகாரிக்குச் சந்தேகம் இருந்தது என்பதற்கான சான்றே தவிர, குற்றம் நிரூபிக்கப்பட்டதற்கான சான்று அல்ல. சீட் பெல்ட் அணியாமல் வண்டி ஓட்டியதற்காகக்கூட ஒருவரைக் கைது செய்யலாம் என்று டெக்சாஸ் வழக்கு ஒன்றில் 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வியாசர்பாடி, காசிமேடு என்று முகவரியைச் சொன்ன மாத்திரத்தில் வேலை தருகிறவரின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். விசாரணைக்கு அழைத்துப் போனார்கள் என்ற ஒரே காரணத்தால் ‘கேஸ் உள்ளவன்’ என்ற பெயரோடு வாழ்கிறவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அந்த அநியாயத்தை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு நாம் செய்யலாகாது.

மறுபுறம், தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது. பல மாநிலங்களில் சில வகை வழக்குகளைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கவோ மறைக்கவோ சட்டம் இடம் தருகிறது. பென்சில்வேனியா 2018-ல் இயற்றிய சட்டம் தகுதியுள்ள பதிவுகளை விண்ணப்பமே இல்லாமல் மறைக்க வழி செய்தது. அதனால் உங்கள் அக்காவும் அத்தானும் மாப்பிள்ளையிடம் நேராகவே, மரியாதையாகக் கேட்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் தன்னுடைய பதிவின் சுருக்கத்தை ஒருவர் கைரேகை கொடுத்துத் தானே கேட்டுப் பெறலாம். பிறர் பெற முடியாது. கட்டணம் 18 டாலர். மனம் இருந்தால் அவரே வாங்கிக் காட்டுவார். வன்முறையோ, பெண்ணைத் துன்புறுத்திய குற்றமோ தீர்ப்பில் உறுதியாகியிருந்தால் தயங்காமல் பின்வாங்குங்கள். பழைய போக்குவரத்து வழக்கு என்றால் பெண்ணிடம் முழு விவரத்தையும் சொல்லி, முடிவை அவளிடம் விடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் கடை ஒன்றில் வேலை செய்யும் என் தம்பியிடமிருந்து சில நாட்களாகத் தொடர்பு இல்லை. போலீஸ் பிடித்துச் சென்றதாக அவனுடைய நண்பர் சொல்கிறார். எங்கே விசாரிப்பது?
— வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன, ஷெரிஃப் அலுவலகத்தின் சிறைப் பட்டியல்தான் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம். அந்தக் கவுண்டியில் பெயர் இல்லையென்றால் பக்கத்துக் கவுண்டிகளையும் பாருங்கள்; சிறிய கவுண்டிகள் தம் கைதிகளைப் பணம் கொடுத்துப் பக்கத்துச் சிறையில் வைத்திருப்பது உண்டு. ‘வைன்’ (VINE) என்ற சேவை பல மாநிலங்களில் ஒருவர் எந்தச் சிறையில் இருக்கிறார், எப்போது விடுவிக்கப்படுகிறார் என்பதைத் தெரிவிக்கிறது. குடியேற்றத் துறை பிடித்திருந்தால் அத்துறையின் தனித் தேடல் பக்கத்தில் பெயரையும் பிறந்த நாட்டையும் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே எழுத்துக்கூட்டல் அப்படியே பொருந்த வேண்டும்.

1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவின்படி, கைதான இந்தியர் கேட்டுக்கொண்டால் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். அவர் கேட்காமல் இருந்திருக்கலாம் என்பதால், நீங்களே அந்த மாநிலத்துக்குப் பொறுப்பான துணைத் தூதரகத்துக்கு அவருடைய கடவுச்சீட்டு விவரங்களோடு எழுதுங்கள். இதற்கிடையில் யாராவது அழைத்து, ஜாமீனுக்கு உடனே பணமோ பரிசு அட்டை எண்ணோ அனுப்பச் சொன்னால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். அது மோசடி. சிறையின் எண்ணை ஷெரிஃப் அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் எடுத்து நீங்களாக அழையுங்கள்.

கேள்வி: நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடக்கும் கைதுகளையும் இப்படிப் பார்க்க முடியுமா?
— கல்லூரி மாணவி, இராயபுரம்

பதில்: ஓரளவுக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு, கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது; பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு அதில் விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். வழக்கின் போக்கை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்க்கலாம். கைதானவருக்கு வழக்கறிஞர் இல்லையென்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.