கொரோனா காலத்தில் கர்ப்பமாக இருந்தவர்கள் மனதளவில் எப்படிச் சமாளித்தீர்கள்?

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது எனக்கு ஏழாம் மாதம். சென்னையில் நானும் கணவரும் மட்டும். நோய்ப் பயத்தைவிட, "இந்த நேரத்துலயா?" என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்டதுதான் என்னை அதிகம் வதைத்தது. ஏதோ தப்பு செய்துவிட்டவள்போல் உணர்ந்தேன்.

அதிலிருந்து என்னை மீட்டது திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சி. "என்னட்டி, எங்க காலத்துல அம்மை வராத வருசம் உண்டா? வேப்பிலை செருகின வீட்டுப் பக்கம் பிள்ளைத்தாச்சி போகமாட்டா. அதுக்காக யாரும் பிள்ளை பெறாமலா இருந்தோம்?" என்றாள். அப்புறம் எங்கள் தெருவில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்பிலைதான் ஞாபகம் வரும். வீட்டுக்குள் ஒதுங்கி இருப்பது எனக்குக் கிடைத்த தண்டனை இல்லை, மாசமாக இருப்பவர்கள் வழிவழியாகச் செய்து வந்ததுதான் என்று மனதில் பட்ட பிறகுதான் தூக்கமே வந்தது.

மே 21 அன்று எனக்கு செக்கப். தமிழ்நாட்டில் அந்த ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. கணவரை மாடிக்கு விடவில்லை, வெயிலில் பைக் பக்கத்திலேயே நின்றிருந்தார். டாப்ளரில் குழந்தையின் இதயத்துடிப்பு 148. படியிறங்கி வந்து அந்த எண்ணை மட்டும் சொன்னேன். மாஸ்க்குக்கு மேலே அவர் கண் கலங்கிவிட்டது. அன்றோடு டிவியில் தினசரி எண்ணிக்கை பார்ப்பதை விட்டேன். ராத்திரி சாப்பிட்டதும் இடது பக்கமாகப் படுத்து, வயிற்றில் கை வைத்து, அசைவை எண்ணுவேன். அது போதுமாக இருந்தது.

வளைகாப்புக்கு அம்மாவால் வர முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா கண்ணாடி வளையல்களை ஒரு கவரில் போட்டு எங்கள் கிரில் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அம்மா வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க, நானே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டேன். பச்சை வளையல் ஒன்று உடைந்தது. அம்மா அழுதுவிடுவாரோ என்று பயந்தேன், "சரி, அடுத்ததைப் போடு" என்றார்.

ஒரு கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. தடுப்பூசியின் முதல் பெரிய பரிசோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்தது ஜூலை 2ஆம் தேதி. மிக மோசமான மாதங்களை ஊசி இல்லாமலே கடந்திருந்தோம். அனுமதி வந்த வாரமே போய்ப் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்டில் மகள் பிறந்தாள். ஆச்சி அவளை மடியில் வாங்கியது தீபாவளிக்குத்தான்.