கேள்வி - பதில்: ராத்திரியில் மட்டும் அணையும் கேமராக்கள்

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவன அலுவலகத்தில் 24 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்புவது) இருக்கிறது. பிஓஇ திறன் 195 வாட். 1 முதல் 20 வரையிலான போர்ட்களில் வரிசையாக 2 வைஃபை, 4 ஐபி போன், 14 கேமரா மாட்டியிருக்கிறோம். பகலில் எந்தத் தொல்லையும் இல்லை. இருட்டியதும் 19, 20-ஆம் போர்ட் கேமராக்கள் போவதும் வருவதுமாக இருக்கின்றன. சுவிட்சை மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: மாற்ற வேண்டாம், சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். வைஃபை ஒன்றுக்கு 18 வாட், போன் ஒன்றுக்கு 4 வாட் என்று வைத்தால் இந்த ஆறுக்கும் 52 வாட். கேமரா பகலில் 5 வாட் இழுத்தால் 14 கேமராவுக்கு 70. மொத்தம் 122, தாராளமாக அடங்குகிறது. இருட்டியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியத் தொடங்கி, ஒவ்வொன்றும் 11.5 வாட் வரை போகிறது. இப்போது மொத்தம் 213. பட்ஜெட், அதாவது அந்த 195 வாட், மீறியதும் சுவிட்ச் முன்னுரிமை குறைந்த போர்ட்டை அணைக்கும். எல்லா போர்ட்டுக்கும் ஒரே முன்னுரிமை இருந்தால், பெரும்பாலான சுவிட்சுகளில் எண் பெரிதாக உள்ள போர்ட்தான் முதலில் பலியாகும். அதனால்தான் 19-உம் 20-உம். அணைந்ததும் இடம் கிடைக்கிறது, சுவிட்ச் மறுபடி மின்சாரம் கொடுக்கிறது, கேமரா குறைந்த வாட்டில் எழுகிறது, ஐஆர் எரிகிறது, பட்ஜெட் மீறுகிறது, திரும்பவும் அணைகிறது. விடியும் வரை இதே சுற்றுதான்.

சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தில் பிஓஇ பகுதியைத் திறந்து, ஒவ்வொரு போர்ட்டும் எத்தனை வாட் இழுக்கிறது என்பதை இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். பகல் எண்ணை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. மலிவான தீர்வு, 30 வாட் இன்ஜெக்டர் (சுவிட்சுக்குப் பதிலாகக் கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டி) இரண்டு வாங்கி வைஃபை இரண்டையும் அவற்றுக்கு மாற்றுவது. அந்த இரண்டு போர்ட்டிலும் பிஓஇயை அணைத்துவிடுங்கள். இரவுச் சுமை 177 வாட்டுக்கு இறங்கும். இன்ஜெக்டர்களையும் சுவிட்ச் இருக்கும் யுபிஎஸ்ஸிலேயே செருகுங்கள், இல்லையென்றால் கரண்ட் போனதும் வைஃபை மட்டும் படுத்துவிடும். வாசல், கிடங்கு, பணப்பெட்டி கேமராக்களுக்கு முன்னுரிமை ‘கிரிட்டிக்கல்’, மற்றவற்றுக்கு ‘லோ’ என்று வையுங்கள். மிச்சம் 18 வாட்தான், இனி கேமரா கூட்டாதீர்கள். அடுத்து வாங்கும்போது 370 வாட் சுவிட்சாகப் பாருங்கள். 24 போர்ட்டுக்கும் ஆளுக்கு 15.4 வாட் கொடுக்க வேண்டுமென்றால் அவ்வளவு வேண்டும்.

கேள்வி: 370 வாட் சுவிட்ச். மாட்டியிருக்கும் 12 வைஃபையும் சேர்ந்து இழுப்பது 140 வாட்தான் என்று திரை காட்டுகிறது. ஆனாலும் புதுக் கேமராவுக்கு மின்சாரம் மறுக்கிறது. ஏன்? (வாசகர், கோவை)

பதில்: உங்கள் சுவிட்ச், சாதனம் உண்மையில் இழுப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை, அது சொல்லும் கிளாஸை, அதாவது மின்தேவை வகையை எடுக்கிறது. கிளாஸ் 4 என்று சொன்ன ஒவ்வொரு வைஃபைக்கும் 30 வாட்டை ஒதுக்கி வைத்துவிடும். 12 × 30 = 360. மிச்சம் 10. கிளாஸ் 3 கேமரா கேட்பது 15.4. கதவு மூடிவிட்டது.

ஒதுக்கும் முறையை ‘கிளாஸ்’ என்பதிலிருந்து ‘யூசேஜ்’ (உண்மையில் இழுப்பது) என்று மாற்றும் வசதி பல சுவிட்சுகளில் உண்டு. அதுவே எளிது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் என்றால் போர்ட்டில் ‘பவர் இன்லைன் கன்சம்ப்ஷன்’ கட்டளையில், ஒதுக்க வேண்டிய அளவை மில்லிவாட்டில் கொடுக்கலாம், உதாரணமாக 20000. உச்ச வரம்பு வைக்கும் ‘மேக்ஸ்’ கட்டளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்: சாதனத்தின் கிளாஸ் நீங்கள் வைத்த உச்சத்தைத் தாண்டினால் சுவிட்ச் மின்சாரமே கொடுக்காது. எண்ணை வைக்கும்போது கேபிளில் போகும் இழப்பையும் சேருங்கள். 15.4 வாட் போர்ட்டில் கிளம்பினால் 100 மீட்டர் தாண்டி சாதனத்துக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட், 30 வாட் போர்ட்டில் 25.5. வைஃபையில் ஆட்கள் நிறைய இணையும் நேரத்தில் உச்சத்தை அளந்து, அதன் மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள்.

கேள்வி: பட்ஜெட்டில் பாதிகூட ஆகவில்லை. 80 மீட்டர் தள்ளியுள்ள ஒரே ஒரு கேமரா மட்டும் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. போர்ட்டை மாற்றியும் அதே கதை. (வாசகர், மதுரை)

பதில்: கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஒரு கம்பியின் முனையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. விலை குறைவென்று பலர் தலையில் கட்டுவது இதைத்தான். மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், அலுமினியம் எளிதில் உடையும், கனெக்டர் பின் கடிக்கும் இடத்தில் நாளடைவில் பிடிமானம் தளரும். பிஓஇக்கு இதைப் போடவே கூடாது.

மல்டிமீட்டரிலும் சோதிக்கலாம். இரு முனைகளையும் கழற்றிவிட்டு, கேமரா பக்கத்தில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கி இணையுங்கள். சுவிட்ச் பக்கத்தில் அதே ஜோடியை அளங்கள். கேட் 5இ வகை நெட்வொர்க் கேபிளில் கம்பி ஒன்றுக்கு 100 மீட்டரில் அதிகபட்சம் 9.38 ஓம், போய்வர 18.76. ஆகவே 80 மீட்டருக்கு 15 ஓம் தாண்டக் கூடாது. நான்கு ஜோடியும் தாண்டினால் கேபிளே மோசம், முழுச் செம்பில் புதிதாக இழுங்கள். ஒரே ஜோடி மட்டும் தாண்டினால் கனெக்டரை வெட்டிப் புதிதாக அடித்துப் பாருங்கள். இடையில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கேள்வி: பிஓஇ போர்ட்டில் தெரியாமல் லேப்டாப்பைச் செருகினால் எரிந்துவிடுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தரப்படி செய்த சுவிட்ச் என்றால் எரியாது. அது முதலில் 10 வோல்ட்டுக்குள் தொட்டுப் பார்த்து, எதிரில் 25 கிலோஓம் அளவு மின்தடை தெரிந்தால்தான் முழு வோல்ட்டேஜை விடும். லேப்டாப்பில் அது இருக்காது. ஆபத்து 24 வோல்ட், 48 வோல்ட் என்று விற்கும் ‘பாசிவ்’ இன்ஜெக்டரில். அது எதையும் கேட்காமல் எப்போதும் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் கேபிளின் இரு முனையிலும் சிவப்பு டேப் ஒட்டி, எந்தச் சாதனத்துக்கு என்று எழுதி வையுங்கள்.